கைக்காசில் வெளிநாடு போய் முழி பிதுங்கிய கதைகள்: திருமலை ஆட்கள் வாங்கோ

உப்புவெளியான்

பதினொரு இரவு, மூன்று நாடு, ஏழு கிலோ தோள்பை ஒன்று. கொழும்பிலிருந்து பாங்கொக், அங்கிருந்து கோலாலம்பூர், பஸ்ஸில் சிங்கப்பூர், திரும்பக் கொழும்பு. போன கிழமைதான் இரவு ரயிலில் வந்து இறங்கினேன். பார்த்த இடங்களைப் பற்றி எழுதப் போவதில்லை, அதற்கு யூடியூப் இருக்கிறது.

நான் ஆறு வருடமாகத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள், மாரி தொடங்கினால் நாயும் நானும்தான். இந்த ஆறு வருடமும் எனக்கும் குசினிப் பையனுக்கும் ஒரே பகிடி தோள்பைக்காரரைப் பார்த்துத்தான். ஒரு கொத்துரொட்டியை வாங்கி இரண்டு பேர் தின்பார்கள். உள்ளுடுப்பைக் கழுவிப் பல்கனிக் கம்பியில் வரிசையாகப் போடுவார்கள். நிலாவெளிக்குப் போக ஓட்டோக்காரரோடு ஐம்பது ரூபாய்க்கு அரை மணித்தியாலம் இழுபறிப்படுவார்கள். பாதி உலகத்தைப் பிளேனில் கடந்து வந்தவனுக்கு ஐம்பது ரூபாயும் ஒரு காசா என்று சிரிப்போம்.

பாங்கொக்கில் மூன்றாம் நாள் காலை கண் விழித்துப் பார்க்கிறேன், எட்டுப் பேர் படுக்கிற அறையில் என்னுடைய கட்டில் கம்பியில் என்னுடைய பெனியன் மூன்று தொங்குகிறது, தலைமாட்டில் முதல் நாள் இரவு பாதி தின்று மிச்சம் வைத்த நூடில்ஸ் பொதி. வேறு யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை, நானேதான் சிரித்தேன்.

அன்றைக்கே அரண்மனைக்குப் போனேன். வெளிநாட்டுக்காரருக்கு 500 பாத், தாய்லாந்துக்காரருக்கு இலவசம். எங்கள் புறாமலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து "ஏன் எங்களுக்கு மட்டும் இந்த விலை" என்று என் மேசையில் வந்து முறையிடுகிற வெள்ளைக்காரருக்குச் சொல்ல ஒரு விளக்கம் வைத்திருந்தேன், உள்ளூர்க்காரர் வரி கட்டுகிறார்கள், நீங்கள் கட்டுவதில்லை என்று. அதே விளக்கத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. அதோடு நான் போனது அரைக் காற்சட்டையோடு, உள்ளே விடவில்லை. வெளியே வந்து யானைப் படம் போட்ட தொளதொளக் காற்சட்டை ஒன்று வாங்கி, தெருவோரத்தில் நின்று மேலாகவே இழுத்துப் போட்டேன். கோணேசர் கோயில் படியில் சாரத்தைச் சுற்றத் தெரியாமல் தடுமாறுகிற வெள்ளைக்காரன் ஒருவனைக்கூட இனிமேல் பார்த்துச் சிரிக்க மாட்டேன், இது சத்தியம்.

போய் வந்த ஆட்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு எது தூக்கிவாரிப் போட்டது?

நிலாவெளி ஓட்டோ

ஐம்பது ரூபாய்க்கு இழுபறிப்பட்டது என்னோடுதான் தம்பி. நீ அங்கே ஓட்டோக்காரனோடு எவ்வளவுக்கு இழுபறிப்பட்டாய், அதை முதலில் சொல்.

உப்புவெளியான்

அண்ணா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது பாத். துக்துக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான், நான் அந்த வெயிலில் நாலு கிலோமீற்றர் நடந்தேன். அடுத்த நாள்தான் தெரியும், சாவோ பிராயா ஆற்றில் படகு ஓடுகிறது, சனம் வேலைக்குப் போவதே அதில்தான், துக்துக் காசில் கால்வாசிகூட இல்லை.

ரயில் நிலையத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாலை ஆறு மணி, சனம் அள்ளுகொள்ளையாக நடக்கிறது. திடீரென்று ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு, எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பலகாரம் சுடுகிற பெண் அகப்பையோடு நிற்கிறாள். நான் மட்டும் விறுவிறு என்று நடக்கிறேன், ஏதோ குண்டு வெடித்ததோ என்று உள்ளுக்குள் பயம் வேறு, எங்களுடைய வயதுக்காரருக்கு அப்படித்தானே முதலில் தோன்றும். ஒரு பள்ளிக்கூடப் பெடியன் கண்ணால் காட்டினான், நில் என்று. தேசிய கீதம். காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் போடுவார்கள், நிற்க வேண்டும். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. சில்லறை கீழே விழுந்து உருண்டால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். காசில் அரசரின் படம் இருக்கிறது.

உவர்மலை ரீச்சர்

தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர். பென்சன் எடுத்த பிறகு நானும் ஒருமுறை பாங்கொக் போனேன், பழைய மாணவி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். விகாரையில் ஒரு வயதான பிக்கு எந்த நாடு என்று சைகையில் கேட்டார், லங்கா என்றேன், முகம் மலர்ந்துவிட்டது. பௌத்தரா என்று கேட்டார், இல்லை என்றேன், அப்போதும் மலர்ந்த முகம் மாறவில்லை. அவருடைய நாட்டிலிருந்து உபாலி தேரரும் மற்றப் பிக்குகளும் ஒல்லாந்தர் கப்பலில் 1753இல் வந்து இறங்கியது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில். கண்டி அரசன் கீர்த்தி சிறி ராஜசிங்கன் அழைத்து, இங்கிருந்துதான் கண்டிக்குப் போனார்கள், சியாம் நிக்காய என்ற பிக்குகள் பிரிவின் பெயரே அதனால் வந்தது, சியாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். சைகையில் இவ்வளவும் சொல்ல முடியுமா? நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அங்கே பெரிய ஊஞ்சல் ஒன்று நிற்கிறது பார்த்தீரோ, சிவப்பு நிறத் தூண். அரசவைப் பிராமணர் மார்கழி, தை மாதத்தில் செய்த சடங்கு அது, திரியம்பாவாய் என்று பெயர், எங்கள் திருவெம்பாவைதான் அப்படித் திரிந்தது என்பார்கள்.

இது சுற்றுலா. எனக்கு உண்மையான அதிர்ச்சி ஜேர்மனியில், மகன் வீட்டுக்குப் போனபோது. அதை இரவு எழுதுகிறேன், அடுப்பில் சோறு.

கிண்ணியா நானா

பாங்கொக்கில் எனக்கு ஒரே ஒரு சொல் காப்பாற்றியது: மூ. எங்களுக்கு அது மாடு கத்துகிற சத்தம், அங்கே அது பன்றி. "மாய் சாய் மூ" என்றால் பன்றி போடாதே. முதல் நாள் எனக்கு இது தெரியாமல், மாட்டிறைச்சிதான் வேண்டும் என்று விளங்கவைக்க ஒரு கிழவியின் கடையில் நின்று "மூ, மூ" என்று மாடு மாதிரிக் கத்தியிருக்கிறேன். அவ மிகச் சந்தோஷமாகப் பன்றி ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினா. அல்லாஹ் காப்பாற்றினான்.

மரக்கறி ஆட்களுக்கு: "ஜே" என்று கேளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்குகிற கடை. வெங்காயம், உள்ளிகூட இருக்காது. சும்மா மரக்கறி என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி.

கோலாலம்பூர் வந்ததும் மூச்சு வந்தது. எந்தக் கடைத்தொகுதியிலும் தொழுகை அறை, சாப்பாட்டில் ஹலால் முத்திரை. ஆனால் அங்கேயும் ஒரு குழப்பம், தேத்தண்ணி. "தே" என்று கேட்டால் டின்பால் ஊற்றி நாக்கு ஒட்டுகிற இனிப்பில் வரும். பால் இல்லாமல் சீனியோடு என்றால் "தே ஓ", அதுதான் எங்கள் பிளேன்ரீ. சீனியும் வேண்டாம் என்றால் "தே ஓ கொசோங்". எனக்குச் சீனி வருத்தம், இந்தக் கொசோங் என்ற சொல்லைக் கண்டுபிடிக்கும் வரை மூன்று நாள் இனிப்பைக் குடித்துக்கொண்டு திரிந்தேன்.

நிலாவெளி ஓட்டோ

நானா கத்தினதை யாராவது வீடியோ எடுத்திருந்தால் போடுங்கோ.

மூதூர் முத்து

நீங்கள் எல்லாரும் பாஷை தெரியாத ஊரில் முழித்தீர்கள். நான் தமிழ்நாட்டில் முழித்தேன், அதுதான் கொடுமை.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் 2023இல் தொடங்கி நின்று, 2024 ஆவணியில் மறுபடி ஓடத் தொடங்கியது, அதில் போனேன். கடல் அமைதியாக இருந்தால் சுகமான பயணம். இறங்கி முதல் கடையில் "பாண் இருக்கா" என்றேன், அவர்கள் அதைப் பிரெட் என்பார்கள். பக்கத்து வெற்றிலைக் கடையைக் காட்டினார். பீடா பான் என்று விளங்கியிருக்கிறார். சவர்க்காரம், அதுதான் சோப், கேட்டேன், விளங்கவில்லை. தண்ணிப் போத்தல் என்றேன், சிரித்தார். "நீங்க கேரளாவா?" இதைப் பத்து நாளில் குறைந்தது இருபது பேர் கேட்டிருப்பார்கள். இலங்கை என்று சொன்னால் உடனே குரல் மாறும், "அய்யோ, ரொம்பக் கஷ்டப்பட்டீங்கல்ல" என்று. நான் அங்கே போனது சுற்றிப் பார்க்க, சாப்பிட. ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் ஒரு செத்தவீடு முடித்துவிட்டுத்தான் வடையைக் கடிக்க முடிந்தது. நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை, ஆனால் களைத்துப் போவீர்கள்.

இனி கைக்காசு ஆட்களுக்கு முக்கியமான விஷயம். மலிவான லொட்ஜ் எதிலும் எனக்கு அறை தரவில்லை. பூட்டுச் சாவியைக் கையில் எடுத்தவர் பாஸ்போட்டைக் கண்டதும் திரும்ப ஆணியில் மாட்டினார். முதலில் எனக்குக் கோபம், இலங்கைத் தமிழன் என்பதால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு மனேஜர் பொறுமையாகச் சொன்னார், வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் சி படிவம் என்று ஒன்றை 24 மணித்தியாலத்துக்குள் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும், சின்ன லொட்ஜ்காரர் அந்த வில்லங்கமே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே போவதற்கு முதல் போன் எடுத்து "வெளிநாட்டுப் பாஸ்போட், எடுப்பீர்களா" என்று கேளுங்கள். நான் கேட்காமல் போய் சிதம்பரத்தில் இரவு பத்து மணிக்குப் பையோடு நாலு லொட்ஜ் ஏறி இறங்கினேன். ஐந்தாவதில் கிடைத்தது, நான் நினைத்து வைத்திருந்த காசைப் போல மூன்று மடங்கு.

அங்கே எல்லோரும் கைபேசியால் ஸ்கேன் பண்ணித்தான் காசு கட்டுகிறார்கள், இளநீர்க்காரர்கூட. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் என்னை அனுதாபமாகப் பார்த்தார்கள்.

உவர்மலை ரீச்சர்

வந்துவிட்டேன். ஜேர்மனிக் கதை.

போய் இரண்டாம் நாள் மருமகளோடு வேலை செய்கிற ஒரு ஜேர்மன் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல பிள்ளை. கோப்பி, கேக் எல்லாம் மேசையில். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். எங்கள் வழக்கம் தெரியும்தானே, முதல் தரம் கேட்டதும் "வேண்டாம் பிள்ளை, இப்பதான் சாப்பிட்டு வந்தனான்" என்று சொல்ல வேண்டும், இரண்டாம் தரம் "ஐயோ வேண்டாம்" என்று கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும், மூன்றாம் தரம் அவர்களே தட்டில் வைத்துவிடுவார்கள். நான் முதல் தரம் வேண்டாம் என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன்னுடைய கேக்கை வெட்டிச் சாப்பிடத் தொடங்கினாள். அவ்வளவுதான். இரண்டாம் தரம் என்ற ஒன்று வரவே இல்லை. அப்பிள் கேக், மேலே கறுவா தூவியிருந்தது, அந்த மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் "உன் சினேகிதிக்கு விருந்தோம்பல் தெரியாது" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமி, நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். திரும்பக் கேட்டால் உங்களை வற்புறுத்துகிற மாதிரி, அது அவளுக்கு மரியாதையில்லை." நான் யோசித்தேன், முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு "உண்மையே பேசு" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான், ஒரு துண்டு கேக்குக்கு மூன்று பொய் சொல்கிற வழக்கம் எனக்கு. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முதல் தரமே "ஓம், தாங்கோ". இங்கே வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை, போன மாதம் கலியாண வீட்டில் முதல் தரமே ஓம் என்று சொன்னதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

மற்றவை சுருக்கமாக. தண்ணீர் வாங்கினால் சோடா, நாக்கில் குத்தும், போத்தலில் "ஸ்டில்" என்று பார்த்து வாங்க வேண்டும். போத்தலை எறியக் கூடாது, கடையில் உள்ள பெட்டியில் போட்டால் ஒன்றுக்கு 25 யூரோ சதம் திரும்பக் கிடைக்கும். நான் பூங்காவில் கிடந்ததையெல்லாம் பொறுக்கத் தொடங்கி மகன் தலையில் கைவைத்தான். ஞாயிறு கடை பூட்டு. கக்கூஸில் தண்ணி இல்லை, நான் வெறும் போத்தல் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன், இதற்கு மேல் எழுதமாட்டேன். ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் எங்கள் ஆட்கள் எழுப்பியது, கோபுரத்தைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது, அதன் பக்கத்தில் தொழிற்சாலைகள். மாதம் முழுவதும் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று ஒரு டிக்கெட் இருக்கிறது, நான் போன 2025இல் 58 யூரோ. தங்க இடமிருந்தால் அந்த நாட்டைச் சுற்ற அதுவே போதும்.

ஸ்காபரோ பனி

"தங்க இடமிருந்தால்." அந்தச் சொல்லில்தான் நான் நுழைகிறேன், கோபிக்காதீர்கள்.

ரீச்சர் மகன் வீட்டுக்குப் போனீர்கள், அது வேறு. ஆனால் கைக்காசில் சுற்றினோம் என்று ஊரில் போய்க் கதை சொல்கிற பல பேர் இங்கே யாரோ ஒருவரின் காசில்தான் சுற்றுகிறார்கள். நான் கனடா வந்து பதினெட்டு வருடம். என்னுடைய வீட்டு நிலவறையில் தங்காத திருமலைக்காரர் குறைவு. விமான நிலையத்துக்கு நான் வர வேண்டும், நான் இரவு வேலைக்காரன் என்று சொன்னாலும். நயாகராவை ஒன்பது தரம் பார்த்துவிட்டேன், தண்ணி அதே பக்கம்தான் விழுகிறது. போக வர 250 கிலோமீற்றருக்கு மேல், பெற்றோல் யார் போடுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. மனைவி வேலையால் வந்து இரண்டு கறி வைக்க வேண்டும். அவர்களுடைய அதிர்ச்சி என்ன தெரியுமா? "கனடாவில் ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை, எல்லோரும் ஓடுகிறார்கள்." ஓடாமல் என்ன செய்வது, வீட்டுக் கடன் கட்ட வேண்டும்.

அன்புவழிபுரம் சுகி

அண்ணா, நியாயம் பாதி. மீதியை நான் சொல்லட்டுமா? நீங்கள் எல்லோரும் ஆடி, ஆவணியில் ஊருக்கு வருவீர்கள். நாலு பேர், எட்டுப் பெட்டி, ஒரு மாதம். எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று. அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிவா, நீங்கள் பத்து மணிக்கு எழும்பிப் பாண் இல்லையா என்று கேட்பீர்கள். தண்ணித் தாங்கி ஒரு நாளில் காலி. கன்னியா வெந்நீரூற்றுக்கு உங்களோடு வந்து வந்து எனக்கும் அந்த ஏழு கிணறும் பாடம். கணக்குப் பார்த்தால் நயாகராவும் கன்னியாவும் சரிக்குச் சரி.

சரி, என் கதை. நான் தனியே மலேசியா போனேன், போன வருடம். அம்மா விட்டதே கிள்ளானில் பெரியம்மாவின் மகள் இருக்கிறா என்பதால். அங்கே இரண்டு இரவு இருந்தேன், அன்பு தாங்க முடியவில்லை, வெளியே போக விடவில்லை. மூன்றாம் நாள் கோலாலம்பூரில் பெண்கள் மட்டும் தங்குகிற அறையில் ஒரு கட்டில் பிடித்தேன். அம்மா போனில் அழுதா, பெரியம்மா ஒரு மாதம் கதைக்கவில்லை. அண்ணா சொல்கிறார் சொந்தக்காரர் சுமை என்று, நான் கட்டிலுக்குக் காசு கொடுத்ததற்கு இவ்வளவு பாடு!

எனக்கு அதிர்ச்சி என்ன என்றால், இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாமாக் கடையில் (அங்கே தமிழ் முஸ்லிம் ஆட்களின் சாப்பாட்டுக் கடையை அப்படித்தான் சொல்வார்கள்) தனியே இருந்து தே ஓ குடித்தேன். அரை மணித்தியாலம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்துக்கொடுத்த தம்பி ராமநாதபுரத்துக்காரர், "பசியாறிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். "தனியாவா வந்தனீங்கள், ஆர் கூட்டிக்கொண்டு வந்தது" என்ற கேள்வி இல்லை. திருமலையில் எனக்கு முப்பத்தொரு வயது, பெரிய தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் தனியே இருந்து ஒரு பிளேன்ரீ குடித்ததில்லை இதுவரைக்கும். நான் பறந்து போனது அந்த ஒரு தேத்தண்ணிக்குத்தான் என்று சொன்னால் விசர் என்பீர்கள்.

பத்துமலையில் 272 படி. குரங்கு என் வாழைப்பழத்தையும் கண்ணாடியையும் கொண்டுபோனது. பழம் தின்றது, கண்ணாடியைப் பார்த்துவிட்டு எறிந்தது.

ஸ்காபரோ பனி

சுகி தங்கச்சி, பாண் கேட்டது நான் இல்லை, என்னுடைய மகன். ஆனால் தண்ணித் தாங்கி விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பெற்றோல் காசைப் பற்றி நான் சொன்னதை மட்டும் மாற்ற மாட்டேன்.

உப்புவெளியான்

சுகி அக்கா எழுதியதற்குப் பிறகு என்னுடைய சம்பல் கதையை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மா மாசிச் சம்பல், மாசிக் கருவாடு போட்டுச் செய்கிறது, கட்டித் தந்தா, ஒரு போத்தல். வெளியே சாப்பாடு பிடிக்காவிட்டால் பாணோடு தின் என்று. பாங்கொக்கில் இரண்டாம் இரவு, கட்டிலில் இருந்து மூடியைத் திறந்தேன். எட்டுப் பேர் அறை, குளிரூட்டி, ஜன்னல் திறக்க முடியாது. எதிர்க் கட்டில் பெண் எழும்பி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனா. கீழ்க் கட்டில் பெடியன் ஏதாவது செத்துவிட்டதா என்று தேடினான், உண்மையாகக் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடினான். நான் போத்தலைப் போர்வைக்குள் ஒளித்தேன், அது இன்னும் மோசம். அந்த நேரம் பார்த்து அம்மாவின் வீடியோ அழைப்பு. அங்கே ஒன்பது மணி, பாங்கொக்கில் பத்தரை, விளக்கு அணைத்தாயிற்று. "சம்பல் சாப்பிட்டியோ ராசா" என்று அறை முழுக்கக் கேட்கிற குரலில்.

எங்கள் விடுதியில் ஒரு இத்தாலிக்காரர் நாற்றமெடுக்கிற பாற்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார் என்று நான்தான் ஒரு அறிவித்தல் எழுதி ஒட்டினேன், இரண்டு வருடத்துக்கு முதல். "மணமுள்ள உணவுகளை வைக்க வேண்டாம்." போன கிழமை வந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்தேன். முதலாளி திரும்ப ஒட்டச் சொல்லியிருக்கிறார், அது வேறு கதை.

சிங்கப்பூரைப் பற்றி இரண்டு வரி. பஸ்ஸில் ஜோகூர் எல்லையால் போனால் இரண்டு தரம் இறங்க வேண்டும், மலேசியாவை விட்டு வெளியேற ஒருமுறை, சிங்கப்பூருக்குள் நுழைய ஒருமுறை, இரண்டாவதில் பை முழுவதையும் தூக்கிக்கொண்டு. பிந்தினால் பஸ் விட்டுவிட்டுப் போய்விடும், இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவரின் பையில் சப்புகிற புகையிலை, அங்கே அது தடை, அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெற்றிலை போடுகிற ஆட்கள் கவனம். சாப்பாட்டு நிலையத்தில் மேசையில் ஒரு கடுதாசிக் கைக்குட்டைப் பொதி கிடந்தால் அது குப்பை இல்லை, இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அதை எடுத்து மூக்குத் துடைத்தேன். சாப்பிட்ட தட்டையும் நாங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021இலிருந்து சட்டம்.

ஆனால் கட்டட வேலை நடக்கிற இடத்துத் தகரத்தில் "அபாயம்" என்று பிழையில்லாத தமிழ். நின்று படம் எடுத்தேன். எங்கள் நாட்டுப் பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பார்த்தவனுக்கு அது ஒரு காட்சிதான்.

கிண்ணியா நானா

தம்பி, காசைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அட்டை வேலை செய்ததா?

உப்புவெளியான்

இல்லை நானா. கோலாலம்பூரில் இரவு பதினொரு மணிக்கு இயந்திரம் அட்டையைத் துப்பியது. வெளிநாட்டில் பாவிப்பதற்கு முதலே வங்கியில் சொல்லித் திறந்து வைத்திருக்க வேண்டுமாம், எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சப்பாத்துக்குள் ஐம்பது டொலர் ஒளித்து வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. ஈரமாக இருந்தது, காசு மாற்றுகிறவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விரல் நுனியால் எடுத்தார்.

இணையப் படிவம்: தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் வருகைப் பதிவு இருக்கிறது, போவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். காசு கேட்கிற தளம் ஏதாவது வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். மலேசியாவுக்கு நான் ஈ-விசா எடுத்துத்தான் போனேன், சிங்கப்பூருக்கு எங்கள் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை.

நிலாவெளி ஓட்டோ

இவ்வளவு நேரம் வாசித்துவிட்டு மனிசியிடம் காட்டினேன். கார்த்திகையில் இங்கே மழை, ஒரு ஓட்டமும் இருக்காது. இரண்டு பேருக்கு மலேசியா மட்டும், ஐந்து நாள், எவ்வளவு முடியும் தம்பி? மனிசி கேட்கிறா, தேங்காய்ச் சம்பல் கொண்டுபோகலாமா என்று.

உப்புவெளியான்

அண்ணா, தேங்காய்ச் சம்பல் கட்டுநாயக்கா விமான நிலையம் போவதற்குள் புளித்துவிடும். நாளைக்கு விடுதிப் பக்கம் வாங்கோ, டிக்கெட் விலை பார்த்துச் சொல்கிறேன். கைப்பை ஏழு கிலோதான் விடுவார்கள், அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கோ.

நிலாவெளி ஓட்டோ

சொன்னேன். தன்னுடைய சீலைகளே ஏழு கிலோ வரும், என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாவாம்.